பிளக் இலக்கணம்

பெட்ரோல் கார் வைத்திருப்பவர் எவரும் ஒரு நாள் இந்தக் கேள்வியைச் சந்தித்தே தீர வேண்டும்: "சாதா பிளக் போடவா சார், இரிடியம் போடவா?" கேட்பவர் மெக்கானிக். கையில் பிளக் ஸ்பேனரோடு நிற்கிறார். பதில் சொல்ல வேண்டிய கார்க்காரருக்கு அந்த நேரத்தில் தோன்றுவது விலை ஒன்றுதான். விலையைக் கேட்டுவிட்டு, கை தாராளமாக இருந்தால் இரிடியம், இறுக்கமாக இருந்தால் சாதா என்று சொல்லிவிடுகிறார். இவ்வளவு பெரிய முடிவு இவ்வளவு குறைந்த விசாரணையில் எடுக்கப்படுவது முறையன்று. பிளக்கின் வகைகளைப் பகுத்து, ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வேறுபாட்டை நிறுவி, எது எதற்குப் பொருந்தும் என்று வரையறுத்துச் சொல்வது தேவையாக இருக்கிறது. அந்தத் தேவைக்காகவே இக்கட்டுரை.

முதலில் எல்லை. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே அது டீசலைப் பற்றவைத்துக்கொள்கிறது. மெக்கானிக்குகள் ஹீட்டர் பிளக் என்று சொல்வது, குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்ப உதவும் சூடாக்கி மட்டுமே. அதில் பொறி பிறப்பதில்லை. மின்சாரக் காரில் எஞ்சினே இல்லை. ஆகவே பெட்ரோல், எல்.பி.ஜி., சி.என்.ஜி. ஆகியவற்றில் ஓடும் கார்கள் மட்டுமே இங்கே பேசப்படும்.

ஸ்பார்க் பிளக் என்பது யாதெனின், சிலிண்டருக்குள் மின்சாரத்தைக் கொண்டுபோய், அங்கே ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட வைப்பது. அதற்கு உறுப்புகள் நான்கு. மேலிருந்து கீழே இறங்கும் நடு எலெக்ட்ரோடு. அதைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான். பீங்கானைச் சுற்றி மரையும் அறுகோணத் தலையும் உள்ள இரும்புக் கூடு. கூட்டின் அடியிலிருந்து வளைந்து வந்து நடு எலெக்ட்ரோடின் எதிரே நிற்கும் எர்த் எலெக்ட்ரோடு. பீங்கான் என்று சொன்னாலும் அது தேநீர்க் கோப்பைப் பீங்கான் அன்று, பெரும்பகுதி அலுமினா. பத்தாயிரம் முதல் இருபத்தைந்தாயிரம் வோல்ட் வரையிலான மின்சாரம் உள்ளே ஓடும்போது அதைப் பக்கவாட்டில் கசியவிடாமல் காப்பது அதன் வேலை. மேல்பகுதியில் மோதிரம் மோதிரமாக இருக்கும் வரிகள் அழகுக்கு வைத்தவை அல்ல. மின்சாரம் வெளிப்புறமாக ஊர்ந்து கூட்டுக்கு இறங்கிவிடாதபடி அதன் வழியை நீளமாக்குபவை.

இந்தச் சிறு பொருள் எவ்வளவு உழைக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். கார் 60 கி.மீ. வேகத்தில் போகிறது, எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றுகிறது என்று கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. ஆக ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 பொறி கொடுக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் கார் கடந்திருப்பது சரியாக 1 கி.மீ. முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய பிளக் 3 கோடிப் பொறிகளைக் கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு பொறியும் எலெக்ட்ரோடிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை எடுத்துக்கொண்டுதான் போகிறது. பிளக் வகைகள் பற்றிய வாதம் முழுவதும் இந்தத் தேய்மானத்திலிருந்தே தொடங்குகிறது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1860-ல் பிரான்சில் எத்தியன் லெனுவார் செய்த எரிவாயு எஞ்சினிலேயே மின்பொறிதான் தீ மூட்டியது. ஆனாலும் அடுத்த நாற்பது ஆண்டுகள் மின்பொறியை நம்பியவர்கள் குறைவு. டெய்ம்லரின் ஆரம்ப எஞ்சின்களில் சிலிண்டருக்கு வெளியே தீயில் காய்ச்சிய ஒரு குழாய்தான் பெட்ரோலைப் பற்றவைத்தது. 1902-ல் ராபர்ட் பாஷின் பட்டறையில் கோட்லோப் ஹோனோல்ட் என்னும் பொறியாளர் உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதோடு சேரும் பிளக்கையும் செய்து முடித்த பிறகே விவாதம் ஓய்ந்தது. நம் பக்கத்தில் 1951-ல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் பெங்களூரு ஆடுகோடியில் பிளக் தயாரித்தது. அதன் பெயர் 2008-ல் பாஷ் லிமிடெட் என்று மாறிவிட்டது. ஆனாலும் அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் இன்றும் கடையில் போய் "மைக்கோ பிளக் கொடுப்பா" என்றுதான் கேட்கிறார்கள்.

இனி உலோகம். கடைக்காரர் சாதா என்று எடுத்துக் கொடுப்பதைச் சிலர் காப்பர் பிளக் என்கிறார்கள். செம்பு அதன் உள்ளே இருக்கிறது, முனையில் இல்லை. செம்பு சூட்டை வேகமாகக் கடத்தும், ஆனால் 1,085 டிகிரியில் உருகிவிடும். ஆகையால் அதை நடுவில் வைத்து, மேலே நிக்கல் கலவையைப் போர்த்தியிருக்கிறார்கள். பொறி பாயும் முனை நிக்கல். பிளாட்டினம், இரிடியம் பிளக்குகளுக்குள்ளும் செம்பு நடு இருக்கிறது என்பதால், இந்த வகையை நிக்கல் பிளக் என்று அழைப்பதே துல்லியம். அதன் நடு எலெக்ட்ரோடு 2.5 மி.மீ. தடிமன். 20,000 முதல் 30,000 கி.மீ. வரை நன்றாக உழைக்கும். நிக்கல் 1,455 டிகிரியில் உருகுவது. பொறியின் அடியை அதனால் அதிக நாள் தாங்க முடிவதில்லை. கூராக இருந்த விளிம்புகள் மழுங்கி, இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாக அகலும்.

பிளாட்டினம் உருகுவது 1,768 டிகிரியில். அதைப் பிளக்கின் முனையில் சிறு வில்லையாகப் பற்றவைத்துவிட்டால் தேய்மானம் வெகுவாகக் குறைகிறது. இரிடியம் இன்னும் ஒரு படி மேலே: 2,446 டிகிரி. இந்த உலோகத்தைப் பற்றி நின்று பேச வேண்டும், ஏனெனில் கார்க்காரர்கள் பெயரை மட்டும் அறிந்து வைத்திருக்கும் பொருள் இது. 1803-ல் லண்டனில் ஸ்மித்சன் டென்னன்ட், பிளாட்டினத் தாதுவை அமிலத்தில் கரைத்தபோது கரையாமல் அடியில் தங்கிய கறுப்புத் தூளில் இதைக் கண்டுபிடித்தார். அதன் உப்புகள் பல நிறம் காட்டியதால் வானவில் தெய்வத்தின் பெயரைச் சூட்டினார். ஒரு கன சென்டிமீட்டர் 22 கிராமுக்கு மேல் எடையிருக்கும். தங்கத்தை விடக் கனம். பாரிஸுக்கு அருகே பாதுகாக்கப்பட்டு, 1889 முதல் 2019 வரை உலகத்துக்கே கிலோகிராம் அளவாக இருந்த உருளை, பத்தில் ஒன்பது பங்கு பிளாட்டினமும் ஒரு பங்கு இரிடியமும் சேர்ந்தது. பூமியின் மேலோட்டில் இது மிக அரிது. விண்கற்களில் அதைவிட அதிகம். 6.6 கோடி ஆண்டுப் பழமையான களிமண் படிவில் இரிடியம் மிகுந்திருப்பதை வைத்துத்தான், டைனோசர்கள் அழிந்த காலத்தில் பெருங்கல் ஒன்று பூமியில் மோதியது என்று அல்வாரெஸ் குழுவினர் 1980-ல் வாதிட்டார்கள். இன்று கிடைப்பதில் பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவின் பிளாட்டினச் சுரங்கங்களிலிருந்து துணைப்பொருளாக வருகிறது. பிளக்கின் முனையில் இருப்பது சில மில்லிகிராம்தான். அதுவும் தனி இரிடியம் அன்று. உச்சச் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆவியாகும் குறை அதற்கு உண்டு என்பதால் ரோடியம் போன்ற துணை உலோகம் கலந்து, லேசரால் பற்றவைக்கிறார்கள்.

இந்த அரிய உலோகத்தால் ஆகும் பயன் என்ன? முனையை மெலிதாக்கலாம் என்பதே பயன். இரிடியம் முனை 0.6 மி.மீ.; சில வகைகளில் 0.4 மி.மீ. மெலிந்த முனையில் மின்புலம் குவிவதால் குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாய்ந்துவிடும். இரண்டாவது நன்மை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பொறி விழுந்தவுடன் பிறக்கும் தீ, முதல் கணத்தில் மிகச் சிறிய உருண்டை. பக்கத்தில் தடித்த உலோகம் இருந்தால் அது சூட்டை உறிஞ்சி அந்த உருண்டையைக் குளிர வைக்கும், சில நேரம் அணைத்தே விடும். மெலிந்த முனை அந்தச் சூட்டைத் தொடுவது குறைவு. நிக்கலையும் 0.4 மி.மீ. ஆக்கி இந்த நன்மைகளைப் பெறலாமே எனின், பெறலாம். சீக்கிரமே முனை கரைந்துவிடும்.

அப்படியானால் இரிடியம் போட்டால் மைலேஜ் ஏறும், பிக்கப் கூடும் என்று சொல்கிறார்களே எனின், அன்று. நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் புது நிக்கல் பிளக்கைக் கழற்றிவிட்டுப் புது இரிடியத்தைப் போட்டால், ஓட்டுபவர் உணரும்படி எதுவும் மாறாது. கலவை முழுவதும் எரிந்துவிட்டது என்றால் எரிந்துவிட்டதுதான். விலை உயர்ந்த பொறியால் அதை இன்னும் அதிகமாக எரிக்க முடியாது. ஆனால் கார்க்காரர்கள் பொய் சொல்லவில்லை. 40,000 கி.மீ. ஓடித் தேய்ந்த நிக்கலை எடுத்துவிட்டு இரிடியம் போடுகிறார்கள். வண்டி உண்மையிலேயே நன்றாக இழுக்கிறது. அவர்கள் ஒப்பிட்டது பழையதையும் புதியதையும். நிக்கலையும் இரிடியத்தையும் ஒப்பிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு புது நிக்கல் செட்டைப் போட்டிருந்தாலும் வண்டி அதே அளவு இழுத்திருக்கும்.

இரிடியம் தருவது ஆயுள். ஆனால் இங்கும் ஒரு நுட்பம். நடு எலெக்ட்ரோடில் மட்டும் இரிடியம் வைத்து, எர்த் எலெக்ட்ரோடை வெறும் நிக்கலாக விட்ட பிளக்குகள் உண்டு. இரண்டு பக்கமும் அருமை உலோகம் வைத்தவையும் உண்டு. லட்சம் கிலோமீட்டர் ஆயுள் என்பது இரண்டாவது வகைக்கே பொருந்தும். முதல் வகையில் எர்த் பக்கம் தேய்ந்து இடைவெளி அகன்றுவிடும். மேலே உள்ள இரிடியம் புதிதாகவே இருக்கும், பயனில்லை. ஒரே இக்னிஷன் காயில் இரண்டு பிளக்குகளுக்கு மின்சாரம் அனுப்பும் எஞ்சின்களில் இது இன்னும் தீவிரமாகும். அங்கே ஒரு பிளக்கில் மின்சாரம் வழக்கமான திசையிலும், ஜோடிப் பிளக்கில் தலைகீழாகவும் பாயும். தலைகீழாகப் பாயும் பிளக்கில் தேய்வது எர்த் எலெக்ட்ரோடு. இத்தகைய எஞ்சினுக்கு இரட்டைப் பிளாட்டினமோ இரட்டை இரிடியமோ போடுவதில்தான் பொருள் இருக்கிறது. அட்டைப்பெட்டியில் இரிடியம் என்று மட்டும் பார்த்து வாங்குபவர் பாதி விடையைத்தான் படித்திருக்கிறார்.

இதுவரை பேசியது உலோகம். எல்லோரும் பேசுவதும் அதுவே. எஞ்சினின் உயிர் இருப்பது வேறோர் இடத்தில்: ஹீட் ரேஞ்ச். ஒரு பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக எஞ்சின் ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதே அது. கழற்றிய பிளக்கைத் திருப்பி, அடிப்பக்கம் உள்ளே பாருங்கள். நடு எலெக்ட்ரோடைச் சுற்றியுள்ள பீங்கான் மூக்கு ஆழத்திலிருந்து நீண்டு வந்தால், சூடு கூட்டை அடைய வெகுதூரம் போக வேண்டும். முனை சூடாகவே இருக்கும். அது ஹாட் பிளக். மூக்கு குட்டையாக இருந்தால் சூடு உடனே இறங்கிவிடும். அது கோல்ட் பிளக். பொறியின் சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஹாட் பிளக் என்றால் பலமான தீ கொடுக்கும் என்று நினைத்து வாங்குவது பிழை.

முனையின் வெப்பம் ஏறக்குறைய 450 டிகிரிக்கு மேலேயும் 850 டிகிரிக்குக் கீழேயும் நிற்க வேண்டும். 450-க்குக் கீழே போனால் படியும் கரி எரிந்து விலகாது. கரி மின்சாரத்தைக் கடத்தும். பீங்கான் மூக்கின் மேல் அது ஒரு மெல்லிய பாதையாகப் படிந்துவிட்டால், மின்சாரம் இடைவெளியைத் தாண்டும் கஷ்டத்தை விட்டுவிட்டு அந்தப் பாதை வழியே கூட்டுக்கு இறங்கிவிடும். பொறி வராது, வண்டி மிஸ்ஸிங் அடிக்கும். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டுத் திரும்புவது, மாலையில் காய்கறி வாங்கப் போவது, இவ்வளவே ஓடும் கார்களில் இதுதான் நடக்கிறது. எஞ்சின் சூடேறும் முன்பே பயணம் முடிந்துவிடுவதால் பிளக் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் வெப்பத்தைத் தொடுவதே இல்லை. மறுபக்கம், 850-ஐத் தாண்டி மேலே போனால் முனையே தணலாகிவிடும். பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். மேலே ஏறி வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை அந்த வெடிப்பு எதிர்த்து அடிக்கும். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது இப்படித்தான். கரி பிடித்த பிளக் வண்டியை வழியில் நிறுத்தும். அளவுக்கு மீறிச் சூடான பிளக் எஞ்சினையே தின்னும். இரண்டில் எது மோசம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இவ்வளவு முக்கியமான எண்ணை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு திசையில் எழுதுகிறது. என்.ஜி.கே.யிலும் டென்சோவிலும் எண் ஏற ஏற பிளக் குளிர்ந்தது. பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏறச் சூடானது. ஒப்பீட்டு அட்டவணைகளில் என்.ஜி.கே. 6, பாஷ் 7, சாம்பியன் 9, டென்சோ 20 ஆகிய நான்கும் ஒரே நிலையில் வைக்கப்படுகின்றன. காரில் இருந்தது பாஷ் 7. கடையில் அது இல்லை. "இதுவும் ஏழுதான் சார், இதைப் போடுங்க" என்று என்.ஜி.கே. 7-ஐக் கடைப் பையன் எடுத்துக் கொடுத்தால், வாங்குபவர் தன்னை அறியாமல் ஒரு படி குளிர்ந்த பிளக்கோடு வீடு திரும்புகிறார். ஒரு படிக்கு முனை வெப்பம் 70 முதல் 100 டிகிரி வரை மாறும். சென்னை ஜி.பி. ரோட்டில் உதிரிபாகக் கடைகளில் நின்று பார்த்தால் இந்த உரையாடலைக் கேட்கலாம். கடைக்காரர்களில் விஷயம் தெரிந்தவர்கள் உடனே அட்டவணையை எடுத்துப் பார்க்கிறார்கள். அவர்களிடம்தான் வாங்க வேண்டும்.

பிளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளைப் படிக்கத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. பி.பி.ஆர்.6.ஈ.எஸ்.-11 என்ற என்.ஜி.கே. பிளக்குக்குப் பதவுரை கூறுவோம். முதல் 'பி': மரை 14 மி.மீ., தலை 20.8 மி.மீ. ஸ்பேனருக்கு. இரண்டாம் 'பி': பீங்கான் மூக்கு கூட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். 'ஆர்': உள்ளே ரெசிஸ்டர் உண்டு. '6': ஹீட் ரேஞ்ச். 'ஈ': மரை நீளம் 19 மி.மீ. 'எஸ்': செம்பு நடு உள்ள சாதாரண வகை. '11': இடைவெளி 1.1 மி.மீ. ஏழு இடங்களில் ஏழு கட்டளைகள். இவற்றில் உலோகத்தைப் பற்றியது ஒன்றே ஒன்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த 'ஆர்' பற்றி ஒரு வார்த்தை. வாசலில் கார் போனால் வீட்டு ரேடியோவில் கரகரவென்று சத்தம் வந்த காலம் பலருக்கு நினைவிருக்கும். அது பிளக்கிலிருந்து கிளம்பிய அலை. அதை அடக்கவே 5,000 ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரை உள்ளே வைத்தார்கள். இப்போது ரேடியோவை விட முக்கியமானது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர். அதன் சென்சார்களை அந்த அலை குழப்பிவிடும். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கில் பொறி பலமாக இருக்கும் என்று சொல்லி யாராவது மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

'ஈ' இன்னும் கண்டிப்பானது. மரை குட்டையானால் பொறி ஒரு பொந்துக்குள் விழும், தீ பரவாது. நீண்டுவிட்டால் பிஸ்டனோ வால்வோ வந்து இடிக்கும்.

இரண்டு, மூன்று, நான்கு எர்த் எலெக்ட்ரோடு உள்ள பிளக்குகளும் விற்கின்றன. நான்கு கால் இருந்தால் நான்கு பொறி வரும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு பொறிதான் வரும். எந்தக் கால் அந்தக் கணத்தில் எளிதோ அதற்குத் தாவும். தேய்மானம் நான்காகப் பங்கிடப்படுவதால் ஆயுள் கூடும், அவ்வளவே. உண்மையிலேயே ஒரு சிலிண்டரில் இரண்டு இடத்தில் தீ வைக்க விரும்பினால் இரண்டு பிளக் போட வேண்டும். 2003-ல் இந்தியாவுக்கு வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டி.எஸ்.ஐ. எஞ்சினில் அப்படித்தான் நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். 2009-ல் வந்த டாடா நானோவில் இரண்டு சிலிண்டர், இரண்டே பிளக். மாருதி 800-க்கு மூன்று. சர்வீஸ் பில்லைப் பார்த்து அதிர்ச்சியடைவதற்கு முன் தன் காரின் எண்ணிக்கை எத்தனை என்று ஒருவர் அறிந்திருக்க வேண்டும்.

இடைவெளிக்கு வருவோம். சி.பி. பாயின்ட் வைத்த பழைய வண்டிகளுக்கு 0.7 முதல் 0.8 மி.மீ. எலக்ட்ரானிக் இக்னிஷன் வந்த பிறகு 1.0, 1.1 வரை அகலமாயிற்று. டர்போ வைத்த புது எஞ்சின்களில் மறுபடி குறுகிவிட்டது. காரணம் அழுத்தம். திறந்த காற்றில் 1 மி.மீ. தாண்ட ஏறத்தாழ 3,000 வோல்ட் போதும். அழுத்திய காற்றில் அதைப் போலப் பல மடங்கு வேண்டும் என்பதை ஃபிரெட்ரிஷ் பாஷன் 1889-லேயே விதியாக வகுத்துவிட்டார். பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் எர்த் ஆகும்படி படுக்கவைத்து, செல்ஃப் அடித்து, "பாருங்க சார், நீலமா கரண்டு வருது, பிளக் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லும் சோதனை இந்த விதிப்படி செல்லாது. வெளியே நீலமாகப் பாயும் பிளக் உள்ளே அழுத்தத்தில் பாயாமல் போகலாம். பழைய ஒர்க்‌ஷாப்புகளில் காற்றழுத்த அறையோடு கூடிய பிளக் டெஸ்டர் இருந்தது. கண்ணாடித் துளை வழியே பொறியைப் பார்க்கலாம். சரியான சோதனை அது. புதுப் பிளக்கின் விலை மலிந்ததும் அந்தக் கருவிகள் மூலைக்குப் போய்விட்டன. இது ஒரு இழப்பு என்றே கருதுகிறேன்.

கேஸ் வண்டிக்காரர்களுக்கு இந்த விதி நேரடியாகப் பயன்படும். எல்.பி.ஜி.யும் சி.என்.ஜி.யும் பற்றிக்கொள்ளப் பெட்ரோலை விட அதிக வோல்ட் கேட்பவை. பெட்ரோலில் ஒழுங்காக ஓடும் வண்டி, கேஸுக்கு மாற்றியதும் ஏற்றத்தில் மிஸ்ஸிங் அடிக்கிறது. கேஸ் கிட்டைத் திட்டுகிறார்கள், ரெகுலேட்டரைக் கழற்றுகிறார்கள். பல நேரம் குற்றவாளி இடைவெளி அகன்றுபோன பழைய பிளக். அதை அப்படியே விட்டால் அடுத்துப் போவது காயில். அகன்ற இடைவெளியைத் தாண்ட ஒவ்வொரு முறையும் காயில் கூடுதல் வோல்ட் ஏற்ற வேண்டியிருக்கிறது. அதன் உள் காப்பு ஒரு நாள் தளர்ந்துவிடும். பிளக்கில் மிச்சம் பிடித்தவர் காயிலுக்குப் பல மடங்கு கொடுக்கிறார்.

எமரித் தாள் பற்றிய கருத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். கரி பிடித்த நிக்கல் பிளக்கை எமரி போட்டுத் தேய்த்து, இடைவெளி அதிகமென்று தோன்றினால் எஞ்சின் ஹெட்டில் மெதுவாக ஒரு தட்டுத் தட்டி, கண்ணளவில் சரிபார்த்து மாட்டுவது நம் மெக்கானிக் மரபு. நடுவழியில் நின்ற வண்டியைக் கிளப்பி வீடு சேர்க்க அது போதும். அந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் இரிடியம் பிளக்கிடம் அதைச் செய்யக் கூடாது. 0.4 மி.மீ. முனை, தட்டினால் ஒடிந்துவிடும். கம்பி பிரஷ் பட்டாலும் சிதையும். விலை உயர்ந்த பிளக்கைப் போட்டுவிட்டு, அடுத்த சர்வீஸில் எமரி போட அனுமதிப்பவர் இரண்டு வகையின் நன்மையையும் இழக்கிறார். பிளக்கின் வெளிப்பீங்கானில், இரும்புத் தலைக்குச் சற்று மேலே, பழுப்பு வளையம் தெரிந்தால் கேஸ் கசிகிறது என்று பயந்து மாற்றுவதும் உண்டு. அது உயர் மின்னழுத்தம் எண்ணெய்த் துகளை ஈர்த்துப் படியவைத்த கறை, பழுது அன்று.

கழற்றிய பிளக்கை உடனே வீசிவிடாமல் படிக்க வேண்டும். சிலிண்டர் வரிசைப்படி ஒரு பழைய செய்தித்தாளில் அடுக்கி வையுங்கள். மூக்கு வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் எல்லாம் சரி. உலர்ந்த கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது முன்சொன்ன குட்டைப் பயணம். ஈரமாகப் பளபளத்தால் ஆயில் ஏறுகிறது. ரிங்கையோ வால்வ் சீலையோ பார்க்க வேண்டும். சுண்ணாம்பு வெள்ளையாகி, மேலே சிறு கொப்புளங்கள் தெரிந்தால் அளவுக்கு மீறிய சூடு. அந்தக் காரை அப்படியே நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். நான்கில் மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் கறுப்பாகவும் இருந்தால் நோய் அந்த ஒரு சிலிண்டருக்கு. எஞ்சினைத் திறக்காமல் உள்ளே நடப்பதைச் சொல்லும் சாட்சி வேறு எதுவும் இவ்வளவு மலிவாகக் கிடைப்பதில்லை.

பொருத்தும் முறையில் மூன்று விதிகள் போதும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூட்டில் திருகினால் அலுமினிய ஹெட்டில் மரை உரிந்துவிடும், பிறகு லேத்துக்குப் போய் புஷ் போட வேண்டியதுதான். குழியில் உள்ள மண்ணைக் காற்றடித்து ஊதிய பிறகே பழைய பிளக்கை எடுக்க வேண்டும். புதியதை ஒரு துண்டு ரப்பர் டியூபில் செருகி, விரலால் உருட்டியே மரையில் ஏற்ற வேண்டும். மரை ஏறவில்லை என்றால் டியூப் வழுக்கிவிடும், ஹெட் பிழைக்கும். வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்று. டார்க் ரெஞ்ச் இருந்தால் 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். வாஷர் இல்லாத கூம்பு அடி பிளக்குக்கு இது பொருந்தாது. பதினாறில் ஒரு பங்கு சுற்றுதான்.

தீர்ப்பு. பிளக் கையெட்டும் இடத்தில் இருக்கும் சிறிய எஞ்சினுக்கு, கம்பெனி நிக்கல் என்று எழுதியிருந்தால் நிக்கலே போதும். காலத்தில் மாற்றினால் எந்தக் குறையும் வராது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றினால்தான் பிளக் தெரியும் என்ற அமைப்பில் இரட்டை இரிடியம் கூலியிலேயே தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். கம்பெனி இரிடியம் என்று எழுதியிருக்கும் எஞ்சினில் நிக்கல் போட்டுச் சிக்கனம் பிடிக்காதீர்கள். காயில் அதற்காகவே அளவெடுத்துச் செய்யப்பட்டது. எந்த உலோகமானாலும் ஹீட் ரேஞ்ச், மரை நீளம், இடைவெளி மூன்றும் புத்தகத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கள்ளப் பிளக்குகள் நிறைய நடமாடுவதால் பில் போட்டு வாங்குங்கள். எழுத்து மங்கலாகவோ, நடு எலெக்ட்ரோடு ஓரமாகச் சாய்ந்தோ இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காரின் டேஷ்போர்டு பெட்டியில், இன்ஷூரன்ஸ் காகிதத்துக்கு அடியில், கையேடு ஒன்று பிரிக்கப்படாமல் கிடக்கும். அதில் உங்கள் பிளக்கின் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. இன்றே எடுத்து, அதைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மெக்கானிக் "சாதாவா, இரிடியமா?" என்று கேட்கும்போது அந்த எண்ணைச் சொல்லுங்கள்.